பொம்மையிடம் பெயர் கேட்டவர்கள்

நர்சிங் கல்லூரியின் பயிற்சி அறையில் ஆறு கட்டில்கள், ஆறு பொம்மைகள். நோயாளி என்றால் அப்படி இருக்க வேண்டும். ஊசி குத்தினால் முகம் சுளிப்பதில்லை, டாக்டர் எப்போது வருவார் என்று நச்சரிப்பதில்லை, பக்கத்துக் கட்டிலுக்கு மட்டும் ஏன் புதுப் போர்வை என்று மூக்கைச் சிந்துவதில்லை. வருடக்கணக்காகப் படுத்துக் கிடந்தும் ஒன்றுக்கும் முதுகில் புண் வந்ததில்லை.

இந்த ஆறு பேருக்கும் பொறுப்பாக இருந்த ஆசிரியைக்கு மாணவிகள் வைத்த பெயர் பட்டியல் மேடம். ஊசி போட இருபத்திரண்டு படிகள், படுக்கை விரிக்கப் பதினேழு, கை கழுவ மட்டும் பதினொன்று என்று எல்லாவற்றுக்கும் பட்டியல் போட்டு, லேமினேட் செய்து, சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்தாள். அவளிடம் படித்தவர்கள் செய்முறைத் தேர்வில் தோற்றதே கிடையாது. வெளியிலிருந்து வரும் தேர்வாளர் மதிப்பெண் தாளோடு உட்கார்ந்தால், பிள்ளைகள் ஒன்றிலிருந்து இருபத்திரண்டு வரை வாய்ப்பாடு மாதிரி சொல்லிக்கொண்டே செய்து முடிப்பார்கள். டிக் அடித்து அடித்து அவருக்குத்தான் கை வலிக்கும். தன் பட்டியல் மேல் அவளுக்கு உள்ளூரப் பெருமை உண்டு. இல்லை என்று அவளே சொன்னாலும் நம்பக் கூடாது.

அந்தப் பெருமைக்கு ஒரு செவ்வாய்க்கிழமை, பெண்கள் வார்டில், மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் ஆப்பு விழுந்தது.

அந்த வார்டில் யார் எந்த நோயாளி என்று சொல்வது கட்டிலின் கால்பக்கம் தொங்கும் அட்டை. ஒன்பதாம் கட்டில்காரிக்கு ஜன்னல் காற்று வேண்டும். ஜன்னலோரம் இருந்த பத்தாம் கட்டில்காரிக்கு அந்தக் காற்று ஆகாது. காலையில் டாக்டர் வந்துபோன கையோடு இரண்டு பேரும் சமாதானமாகப் பேசி இடம் மாற்றிக்கொண்டார்கள். ஃபிளாஸ்க், தலையணை, செருப்பு, பிள்ளைகள் வாங்கி வந்த பிஸ்கட் எல்லாம் கூடவே போயின. அட்டைகள் மட்டும் இருந்த இடத்திலேயே தொங்கின. அவையும் தங்கள் சாமான்தான் என்று இருவருக்குமே தோன்றவில்லை.

இன்சுலின் ஊசியோடு ஒன்பதாம் கட்டிலுக்கு வந்தவள் வகுப்பின் முதல் மாணவி. தோழிகள் அவளை முதல் மார்க் என்றே கூப்பிடுவார்கள். பட்டியலை அவள் அளவுக்குக் கரைத்துக் குடித்தவர் யாரும் இல்லை. நான்காம் படியின்படி, "உங்க பேர் சொல்லுங்கம்மா" என்று கேட்டாள். கேட்ட மூச்சிலேயே "சரிங்கம்மா" என்றும் சொல்லிவிட்டு ஐந்தாம் படிக்குப் போய்விட்டாள். கட்டிலில் இருந்த அம்மாள் அப்போதுதான் வாயைத் திறந்திருந்தாள். சர்க்கரை நோய் என்பதே இல்லாதவள். சட்டைக் கையை மடித்து, பஞ்சால் துடைத்து, ஊசி தோலுக்கு ஒரு விரல் தூரத்தில் இருந்தபோது, பின்னாலிருந்து ஒரு கை வந்து மாணவியின் மணிக்கட்டைப் பிடித்தது.

முப்பது வருடமாக அந்த வார்டை ஆண்டுகொண்டிருக்கும் இன்சார்ஜ் சிஸ்டரின் கை அது. அவர் கத்தவில்லை. "டிரேயைக் கீழ வை" என்று மட்டும் சொன்னார். பிறகு வார்டில் இருந்த பன்னிரண்டு மாணவிகளையும் வாசலுக்கு வெளியே வரிசையாக நிறுத்தினார்.

"பொம்மைக்கு ஊசி போடறவங்க பொம்மைகிட்டயே இருங்க. இங்க உயிரோட இருக்கறவங்கதான் படுத்திருக்காங்க."

கதவைச் சாத்திக்கொண்டார்.

பன்னிரண்டு பேருக்கும் அந்த வார்டில் இன்னும் அறுபது மணி நேரப் பயிற்சி மீதம் இருந்தது. நோட்டில் இன்சார்ஜ் கையெழுத்து விழாமல் தேர்வு எழுத முடியாது. தேர்வுக்கு ஐந்தே வாரம். கையெழுத்து இல்லையென்றால் பன்னிரண்டு பேருக்கும் ஒரு வருடம் போச்சு. "நான் போய்ப் பேசினா அது சண்டை, நீங்க போய்ப் பேசினா அது பேச்சு" என்று பிரின்சிபால் சாமர்த்தியமாகக் கழன்றுகொண்டார்.

மறுநாள் காலை பட்டியல் மேடம் வார்டுக்குப் போனாள். ஒரு காலத்தில் அதே வார்டில் இன்சார்ஜின் கீழ் நான்கு வருடம் வேலை பார்த்தவள். அந்தப் பழக்கத்தில் "அக்கா" என்று கூப்பிடும் உரிமை இருந்தது. அந்த உரிமையை எவ்வளவு தூரம் இழுக்கலாம், எங்கே அறுந்துபோகும் என்பதுதான் தெரியவில்லை.

இன்சார்ஜ் அலமாரியில் மருந்து பாட்டில்களைத் தேதி பார்த்து அடுக்கிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"அக்கா."

"முடியாது."

"நான் இன்னும் ஒண்ணுமே கேக்கலையே."

"நீ கேட்டு, நான் முடியாதுன்னு சொல்லி, நீ மூஞ்சிய அழற மாதிரி வச்சு... அதுக்கெல்லாம் எனக்கு நேரம் இல்லை. அதான் நேரா கடைசிக்கே வந்துட்டேன்."

"வர்ற திங்கக்கிழமை அனுப்பறேன்."

"அடுத்த வருஷம் அனுப்பு."

"பத்து நாள் கழிச்சு."

"ஒன்றரை வருஷம்."

பேரம் என்றால் எதிராளி போகப்போக இறங்கி வர வேண்டும். இந்த அம்மாள் ஏறிக்கொண்டே போனார். மேடம் குரலைத் தழைத்தாள்.

"ஒரு பொண்ணு செஞ்ச தப்புக்குப் பன்னண்டு பேரையும் தண்டிக்கலாமா அக்கா?"

இன்சார்ஜ் இப்போது திரும்பினார். "ஒரு பொண்ணா? ஒரு வாரமா பார்த்துக்கிட்டுதான் இருக்கேன். ஒருத்தி 'வலிக்குதா'ன்னு கேக்கறா, அந்த மூச்சுலயே 'சரி சரி'ங்கறா. இன்னொருத்தி 'தூக்கம் வந்துச்சா'ன்னு கேட்டுட்டு, அவ வாயைத் திறக்கறதுக்குள்ள போர்வையை மடிக்கறா. எல்லாம் ஒரே அச்சுல வார்த்த மாதிரி இருக்கு. இந்த அச்சு எங்க செஞ்சதுன்னு கண்டுபிடிச்சுட்டு வா. அப்புறம் பேசலாம்."

அப்புறம் பேசலாம். மேடம் அந்த இரண்டு வார்த்தையைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டவள் மாதிரி பத்திரமாகத் திரும்பி வந்தாள்.

அன்று மதியம் பயிற்சி அறைக்கு வெளியே நின்று காது கொடுத்துக் கேட்டாள். உள்ளே மாணவிகள் பொம்மைகளோடு பழகிக்கொண்டிருந்தார்கள். "உங்க பேர் சொல்லுங்க, சரிங்க. எங்க வலிக்குது, சரிங்க. பயப்படாதீங்க, சரிங்க." பன்னிரண்டு குரல், ஒரே ராகம். பொம்மை பதில் சொல்லாது. அதற்காக நின்றால் நேரம் வீண். மதிப்பெண் தாளும் 'கேட்டாளா' என்றுதான் பார்க்கிறது; காதில் வாங்கினாளா என்று பார்ப்பதில்லை.

மேடம் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். "எல்லாரும் நிறுத்துங்க. எப்படிக் கேக்கணும்னு நான் காட்டறேன்." முதல் கட்டிலுக்குப் போய்ப் பொம்மையின் மேல் குனிந்தாள். "உங்க பேர் சொல்லுங்க. சரி..."

நாக்கைக் கடித்துக்கொண்டாள். பொம்மையின் ரப்பர் கையைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

வகுப்பில் வாய் ஓயாத ஒருத்தி உண்டு. ரேடியோ என்று பெயர். அவள்தான் எடுத்துக் கொடுத்தாள்: "மேடம், அடுத்தது அஞ்சாவது படி மேடம். மறந்துட்டீங்களா?"

"மறக்கலைம்மா" என்றாள் மேடம். "மறக்கத்தான் முடியலை." அச்சு செய்த இடம் தெரிந்துவிட்டது. இரண்டு வருடமாகத் தன் வாயாலேயே வார்த்துக் கொடுத்திருக்கிறாள். பிள்ளைகள் ஒரு பிசிறு இல்லாமல் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். முதல் மார்க் வாங்கியவள்தான் அதிலும் முதல்.

சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வழியில் கணவனின் செருப்புக் கடையில் போய் உட்கார்ந்தாள். அட்டைப் பெட்டிகள் கூரைவரை அடுக்கியிருந்தன. அவன் தரையில் குந்தி, ஒரு வாடிக்கையாளரின் காலில் பூட்ஸை மாட்டிக்கொண்டிருந்தான்.

"கடிக்குதா சார்?"

"இல்லை, நல்லாத்தான் இருக்கு."

அவன் ஒன்றும் சொல்லவில்லை. தோளில் கிடந்த துணியை எடுத்து, அழுக்கே இல்லாத இன்னொரு பூட்ஸைத் துடைத்தான். வாடிக்கையாளர் கண்ணாடிவரை நடந்தார். திரும்பி நடந்தார். அவன் இன்னும் துடைத்துக்கொண்டிருந்தான்.

"சுண்டு விரல்கிட்ட மட்டும் லேசா..." என்றார் வாடிக்கையாளர், ஏதோ தன் தப்பு மாதிரி.

அவன் எழுந்து அடுத்த அளவை எடுத்து வந்தான்.

வாடிக்கையாளர் போனதும் மேடம் கேட்டாள்: "நல்லாருக்குன்னு அவர் சொன்னப்பவே பில் போட்டிருக்கலாமே. ஏன் சும்மா நின்னீங்க?"

"காலுக்கு மூளையை விட மெதுவாத்தான் பேச்சு வரும். நான் அவசரப்பட்டா நாளைக்கு வந்து மூஞ்சியில வீசிட்டுப் போவார். பொண்டாட்டியோட வேற வருவார்."

"நாளைக்கு எனக்கு ஒரு நோயாளி வேணும்."

"நானா? எனக்கு என்ன நோய்?"

"வாய்."

வியாழக்கிழமை மதியம் கடையை மச்சினனிடம் விட்டுவிட்டு அவன் வந்தான். ஒரு பொம்மையை இறக்கிவிட்டு அந்தக் கட்டிலில் படுத்தான். படுத்த வேகத்தில் செத்துப்போக ஆரம்பித்தான். கண்ணைச் செருகினான், பிள்ளைகளுக்குச் சொத்தைப் பிரித்தான், "ரெண்டு ஊசிக்குப் பதிலா ஒரு ஊசியும் ஒரு டானிக்கும் போட்டு முடிச்சுக்கலாமா சிஸ்டர்?" என்று பேரம் பேசினான். மாணவிகள் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். முதல் மார்க் மட்டும் சிரிக்காமல் டிரேயைப் பிடித்தபடி, அவன் சொன்ன எல்லாவற்றுக்கும் "சரிங்க, சரிங்க" என்றாள். அரை மணி நேரம் பாழ். மேடத்துக்கு மானம் போன மாதிரி இருந்தது.

அவன் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டபோது ரேடியோ போகிறபோக்கில் கேட்டாள்: "சார், ஏன் இடது பக்கமாவே படுத்திருந்தீங்க? அதுவும் நடிப்பா?"

கேட்டுவிட்டுச் சிரிப்பில் மூச்சு வாங்க நின்றதால், அதிசயமாக அவளே மேற்கொண்டு பேசவில்லை. அவன் கொஞ்சம் தயங்கினான்.

"அது... வலது தோள்பட்டை ஒரு மாசமா வலிம்மா. பெட்டி இறக்கறப்ப பிடிச்சுக்கிச்சு."

மேடத்துக்கு அது புதுச் செய்தி. ஒரே வீட்டில் இருபது வருடம். தினமும் "சாப்பிட்டீங்களா, உடம்பு நல்லாருக்கா" என்று கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"நீ கேக்கறப்பவே ஸ்விட்சை அணைச்சுட்டுப் போயிடறியே."

மேடம் இறக்கி வைத்த பொம்மையைத் தூக்கி மறுபடி கட்டிலில் கிடத்தினாள். ஆனால் இவ்வளவு கூத்துக்கும் அடியில், நடிக்காத ஒரு விஷயம் அந்தக் கட்டிலில் படுத்துக் கிடந்திருக்கிறது என்பது மட்டும் அவளை விடவில்லை. வீட்டில் தைலம் தேய்த்துக்கொண்டே யோசித்தாள். தேய்க்கத் தேய்க்க யோசனை முற்றியது. தோள்பட்டைக்குத்தான் தோல் உரிந்தது.

மறுநாள் சுவரில் இருந்த பட்டியல்களை எல்லாம் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டினாள். பொம்மைகளைப் போர்வை போர்த்தி மூலையில் உட்கார வைத்தாள். ஒவ்வொரு மாணவியும் தனக்குத் தெரிந்த ஒரு மனிதரை நினைத்து, அவர் மற்றவர்களிடம் சொல்லாத ஒரு விஷயத்தைச் சீட்டில் எழுத வேண்டும் என்றாள். சீட்டுகள் வந்தன. ஒருவருக்குக் காது மந்தம், ஒத்துக்கொள்ள மாட்டார். ஒருத்தி மாத்திரையை விழுங்கினேன் என்று சொல்லித் தலையணைக்கடியில் வைத்திருக்கிறாள். ஒருவருக்கு மூன்று நாளாக வயிறு போகவில்லை, சின்னப் பெண்களிடம் சொல்ல வெட்கம். ஒருவருக்கு ஊசியிடம் பயமில்லை, போடுகிறவரிடம்தான் பயம்.

ஒருத்தி சீட்டெடுத்துக் கட்டிலில் படுப்பாள். இன்னொருத்தி நர்ஸ். சீட்டில் இருப்பதைப் பேச்சிலிருந்தே கண்டுபிடிக்க வேண்டும். சட்டம் ஒன்றே ஒன்று: கேள்வி கேட்டால், எதிரில் இருப்பவர் வாய் திறக்கும்வரை நீ திறக்கக் கூடாது.

"மேடம், இதுக்கு எத்தனை மார்க்?" என்று கேட்டாள் முதல் மார்க்.

"மார்க் கிடையாது."

அவள் முகம் போன போக்கைப் பார்த்தால், யாரோ அவள் காலடியில் தரையை உருவிக்கொண்டார்கள் என்று நினைக்கத் தோன்றும்.

முதல் நான்கு நாள் ஒன்றும் விளங்கவில்லை. ரேடியோவுக்குப் பேசாமல் நிற்பது மூச்சுப் பிடிப்பதைப் போல இருந்தது. கன்னம் உப்பி, கண் பிதுங்கி நின்றாள். நோயாளியாகப் படுத்தவள் அதைப் பார்த்துச் சிரித்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். மேடமும் லேசுப்பட்டவள் அல்ல. ஒரு நாள் இடைவேளையில் தன்னையறியாமல் ஒரு காகிதத்தில் 'காத்திருத்தல்: எட்டுப் படிகள்' என்று தலைப்புப் போட்டு, மூன்றாம் படிவரை எழுதிவிட்டாள். யாரும் பார்ப்பதற்குள் கிழித்தாள்.

ஐந்தாம் நாள் முதல் மார்க் நோயாளியாகப் படுத்தாள். மூன்று பேர் மாறி மாறிக் கேட்டுப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியவில்லை. சீட்டைப் பிரித்தால், 'பயமாக இருக்கிறது, வெளியே சொல்ல மாட்டாள்' என்றிருந்தது.

"இது எப்படி மேடம் தெரியும்?" என்றாள் ரேடியோ. "இவ ஒரு வாரமா அப்படித்தானே இருக்கா."

சொன்ன பிறகுதான் ரேடியோவுக்கே உறைத்தது. கட்டிலருகே போய் உட்கார்ந்து, "என்ன பயம்?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு, கன்னம் உப்பாமல் சும்மா இருந்தாள்.

வெகுநேரம் கழித்து முதல் மார்க் சொன்னாள். "அந்தம்மா வாயைத் திறந்தாங்க. நான் பார்த்தேன். பார்த்தும் எனக்கு அது தெரியலை. மறுபடி அப்படி ஆயிடுமோன்னு..."

மேடம் அந்தச் சீட்டை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள். அன்று வகுப்பு அதோடு முடிந்தது.

மேலும் ஐந்து நாள் போனது. பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் தேறிவிட்டதாக மேடத்துக்குத் தோன்றியது. மற்ற மூவரும் தேறுகிற வழியில் இருந்தார்கள். வார்டுக்குப் போனாள். இன்சார்ஜ் இந்த முறை உட்கார்ந்திருந்தார். கண்ணைச் சுற்றிக் கருவளையம்.

"அச்சு செஞ்ச இடம் தெரிஞ்சுது அக்கா. நான்தான்."

இன்சார்ஜ் பேனாவைக் கீழே வைத்தார். இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்வாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. எதிராளி முதல் விலையிலேயே தலையாட்டிவிட்டால் கடைக்காரருக்கு வருமே, அந்தச் சந்தேகம் அவர் முகத்தில் வந்தது.

"அதுக்கு என்ன செஞ்சே?"

"சொன்னா நம்ப மாட்டீங்க. நீங்களே வந்து படுத்துப் பாருங்க. யாரை வேணாலும் கூப்பிடுங்க. உங்களுக்குப் பிடிக்கலைன்னா நான் மறுபடி இந்தப் பக்கம் வரமாட்டேன்."

"அந்தப் பொண்ணு வரட்டும்" என்றார் இன்சார்ஜ். "நாளைக்கு மூணு மணிக்கு, டூட்டி முடிஞ்சு வர்றேன்."

மறுநாள் சொன்ன நேரத்துக்கு வந்தார். அறையைச் சுற்றிப் பார்த்தார். மூலையில் போர்வையோடு உட்கார்ந்திருந்த பொம்மைகளைப் பார்த்து, "இவங்களுக்கு என்ன, டிஸ்சார்ஜா?" என்றார். கட்டிலில் படுத்தார். கால்பக்கத்தில் ஒரு அட்டை தொங்கியது. சர்க்கரை நோயாளி, மதிய இன்சுலின் என்று அதில் எழுதியிருந்தது. கையில் ஊசி குத்த ஒரு ஸ்பாஞ்சுப் பட்டை கட்டினார்கள். பதினோரு மாணவிகளும் மேடமும் தடுப்புத் திரைக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். திரையின் இடுக்கு வழியாக எல்லாம் தெரிந்தது.

முதல் மார்க் டிரேயோடு வந்தாள். டிரேயை வைத்தாள்.

"வணக்கம்மா. உங்க பேர் சொல்லுங்க."

இன்சார்ஜ் பதில் சொல்லவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டுமென்றே செய்கிறார் என்பது மேடத்துக்குத் தெரிந்தது. பத்து விநாடி. முப்பது விநாடி. ஒரு நிமிடம். திரைக்குப் பின்னால் பதினோரு பேரும் உதட்டை மடித்துக்கொண்டிருந்தார்கள். மேடத்துக்குத் தானே எழுந்து போய் "சரிங்க" என்று சொல்லிவிடலாம் போலிருந்தது.

மூன்றாவது நிமிடத்தில் இன்சார்ஜின் கண் மூடியது. நான்காவது நிமிடத்தில் மெல்லிய குறட்டை ஒன்று கேட்டது.

மேடத்தின் முகத்தில் ஈயாடவில்லை. இப்படி ஒன்று எந்தச் சீட்டிலும் இல்லை. முதல் மார்க் குனிந்து தோளைத் தட்டினாள். "அம்மா, உங்க பேர்?" "ம்" என்றார் இன்சார்ஜ், தூக்கத்திலேயே. அவள் இன்னொரு தடவை தட்டினாள். இன்னொரு "ம்".

அவள் நிமிர்ந்தாள். நெற்றியையும் கழுத்தையும் புறங்கையால் தொட்டுப் பார்த்தாள். மணிக்கட்டைப் பிடித்து நாடி எண்ணினாள். மூச்சை எண்ணினாள். எழுதிக்கொண்டாள். பிறகு திரைக்குப் பின்னால் வந்து ரேடியோவின் காதில் ஏதோ சொன்னாள். ரேடியோ செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் வெளியே ஓடினாள். முதல் மார்க் திரும்பிப் போய், இன்சார்ஜின் ஷூக்களைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் வைத்து, ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள்.

எழுப்பிவிடலாமா என்று மேடம் இரண்டு முறை எழுந்தாள். இரண்டு முறையும் உட்கார்ந்தாள். பன்னிரண்டு பேரின் ஒரு வருடம் அந்தக் கட்டிலில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

இன்சார்ஜ் கண் விழித்தபோது இருபத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது. எங்கே இருக்கிறோம் என்பது பிடிபடச் சற்று நேரம் பிடித்தது. ஸ்பாஞ்சுப் பட்டையைப் பார்த்தார்.

"ஊசி போட்டாச்சா?"

"இல்லீங்கம்மா. பேர் கேட்டேன். நீங்க இன்னும் சொல்லலை."

"தூங்கிட்டேன் இல்ல. எழுப்ப வேண்டியதுதானே?"

"ரெண்டு தடவை எழுப்பினேன். 'ம்'னீங்க. 'ம்' பேர் இல்லையே."

"அட்டையில எழுதியிருக்கே."

"அட்டை கட்டிலோடதும்மா. நீங்க காலையில வேற கட்டில்ல இருந்திருக்கலாம்."

இன்சார்ஜ் எழுந்து உட்கார்ந்தார். குரல் வார்டுக் குரலாக மாறியது. "சர்க்கரை நோயாளி தட்டி எழுப்பியும் எழுந்திருக்கலை. சர்க்கரை இறங்கிப்போயிருந்தா? அப்படியே தூங்க விடுவியா?"

"வேர்வை இல்லை. உடம்பு ஜில்லுன்னு இல்லை. தட்டினா 'ம்'னு பதில் வந்துச்சு. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை நாடியும் மூச்சும் எழுதியிருக்கேன்." காகிதத்தை நீட்டினாள். "கடைசியா எப்போ சாப்பிட்டீங்கன்னு தெரியணும். அதுக்கு உங்க வார்டுக்கு ஆள் அனுப்பிக் கேட்டேன்."

"என் வார்டுக்கா?"

"ஆமாங்கம்மா. காலையிலேருந்து வெறும் டீதான்னாங்க. நேத்து நைட் டூட்டியும் நீங்களே பார்த்தீங்களாம். ஆள் பத்தலையாம்."

இன்சார்ஜ் திரையின் இடுக்கைப் பார்த்தார். மேடம் மின்விசிறியைப் பார்த்தாள். பன்னிரண்டு ஜோடிக் கைகளை வெளியே அனுப்பியது யார் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அதை வாய்விட்டுச் சொன்னால் காரியம் கெட்டுவிடும் என்பது மேடத்துக்கு நன்றாகத் தெரியும்.

"அதனால?" என்றார் இன்சார்ஜ்.

"அதனால ஊசி இப்போ இல்லை. டாக்டரைக் கேட்டுத்தான். முதல்ல சாப்பாடு."

ரேடியோ கேன்டீனிலிருந்து வாங்கி வந்த பன்னையும் டீயையும் முதல் மார்க் ஒரு தட்டில் வைத்து நீட்டினாள். இன்சார்ஜ் தட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பன்னைப் பிய்த்து டீயில் நனைத்துச் சாப்பிட ஆரம்பித்தார். பாதி பன் உள்ளே போன பிறகு அடுத்த கேள்வி வந்தது.

"நிஜ வார்டுல ஒருத்திகிட்டயே இருபத்தஞ்சு நிமிஷம் நின்னா, மத்தவங்களை யார் பார்க்கறது?"

"நிக்கலீங்கம்மா. நடுவுல அந்த ஆறு பேரையும் பார்த்துட்டு வந்தேன்." மூலையில் இருந்த பொம்மைகளைக் காட்டினாள். "அவங்களும் பேர் சொல்லலை. அதனால அவங்களுக்கும் போடலை."

திரைக்குப் பின்னால் யாரோ சிரிப்பை அடக்கப் போய் இருமினார்கள். இன்சார்ஜின் வாயோரம் அசைந்தது. பன்னை மெல்லுகிற அசைவாகவும் இருக்கலாம். மீதி டீயைக் குடித்துவிட்டு, அந்தப் பெண்ணின் கண்ணைப் பார்த்துத் தன் முழுப் பெயரையும் சொன்னார். முப்பது வருடமாக அந்தக் கட்டடத்தில் இருந்தும் பாதிப் பேருக்குத் தெரியாத பெயர் அது. முதல் மார்க் அதை எழுதிக்கொண்டாள்.

மேடம் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

"நாளையிலேருந்து ஆறு பேரை அனுப்பு" என்றார் இன்சார்ஜ், ஷூவில் காலை நுழைத்தபடி.

மேடத்தின் வாயில் "பன்னண்டு" தயாராக இருந்தது. ஆனால் அவள் ஒன்றும் சொல்லவில்லை. போர்வையை எடுத்து மடித்தாள்.

"சரி, எட்டு."

அவள் போர்வையை மறுபடி உதறி, இன்னும் நேர்த்தியாக மடித்தாள்.

"ஏய், என்கிட்டயேவா?" என்றார் இன்சார்ஜ். அவள் அப்போதும் வாயைத் திறக்கவில்லை. "பன்னண்டு பேரும் வரட்டும். காலையில ஏழு மணி. ஏழு அஞ்சுன்னா கதவு சாத்தியிருக்கும்."

ஆறு ஐம்பதுக்கே பன்னிரண்டு பேரும் வார்டு வாசலில் நின்றார்கள். அன்று மதியம் ஒரு மணிக்கு, முதல் நாள் ஆறு மணி நேரத்துக்குக் கையெழுத்து வாங்க நோட்டுகளோடு வந்தார்கள். இன்சார்ஜ் வரிசையாக ஆறு, ஆறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே வந்தவர், ரேடியோவின் நோட்டில் ஐந்தரை என்று எழுதினார்.

"ஏன் அக்கா?" என்று கேட்டாள் மேடம்.

"நாலாம் கட்டில்ல இருக்கற அம்மாகிட்ட பேர் கேட்டா. அந்தம்மா பேரைச் சொல்லிட்டு, மருமக கதையை ஆரம்பிச்சாங்க. இவ அரை மணி நேரம் உக்காந்து கேட்டுக்கிட்டிருக்கா. பேர் கேக்கச் சொன்னா குடும்ப வரலாறா கேக்கறது? அரை மணி கழிச்சாச்சு."

"அந்தக் கதையில மாத்திரை வருதும்மா" என்றாள் ரேடியோ. "மருமக வீட்டுலேருந்து பிரஷர் மாத்திரை கொண்டு வந்து கொடுத்திருக்காங்களாம். இங்க கொடுக்கறதோட அதையும் சேர்த்து நாலு நாளா போட்டுக்கறாங்க. அதான் எழுந்தா தலை சுத்துதாம். இப்பதான் சொன்னாங்க."

இன்சார்ஜ் பேனாவை மூடாமலே எழுந்து நாலாம் கட்டிலுக்குப் போனார். தலையணையைத் தூக்கிப் பார்ப்பதும், அந்த அம்மாள் குழந்தை மாதிரி முழிப்பதும், டாக்டருக்குப் போன் போவதும் தூரத்திலிருந்து தெரிந்தது. திரும்பி வந்தபோது அவர் கையில் ஒரு மாத்திரை அட்டை இருந்தது. அதை மேசையில் வைத்துவிட்டு, ரேடியோவின் நோட்டைத் தன் பக்கம் இழுத்தார். ஐந்தரையை அடித்தார். ஆறு என்று எழுதி, அடித்ததற்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கையெழுத்தும், கீழே வழக்கமான கையெழுத்தும் போட்டார்.

"அடுத்த நோட்டு" என்றார்.